பெயரில் கிளிப் இல்லை, காலை விடவும் இல்லை!

கேள்வி: ரோடு சைக்கிளுக்குப் புதுசு. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் 'கிளிப்லெஸ்' பெடல் மாட்டிய முதல் நாளே சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்தேன். பழைய பெடலுக்கே திரும்பிவிடலாமா? – வாசகர், கோவை.

பதில்: அவசரப்படாதீர்கள். நான் விழுந்தது திருவான்மியூரில், டீக்கடை வாசலில். மாஸ்டர் ஓடிவந்து தூக்கினார். ஷூ மட்டும் பெடலை விடவில்லை. காலை மேலே இழுத்தால் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள், 'டக்'கென்று கழன்றுவிடும். பாதத்தைக் கட்டும் பழைய வார் வைத்த கிளிப் இதில் இல்லாததால்தான் 'கிளிப்லெஸ்' என்ற அந்தக் குழப்பப் பெயர். 1985 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ வென்றது இந்த வகைப் பெடலில்தான்.

உங்களுடையது ஷிமானோ கம்பெனியின் எஸ்.பி.டி. வகைப் பெடல் என்றால், பெடலில் உள்ள சின்ன ஸ்க்ரூவை 3 மி.மீ. ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) தளர்த்துங்கள், பிடி இளகும். ஷூவுக்கு அடியில் மாட்டும் உலோகத் துண்டுதான் கிளீட்; அதில் எஸ்.எச்.56 வகை போட்டால் பல திசையிலும் கழலும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் 50 தடவை பழகுங்கள். ரோட்டில், நிற்பதற்கு வெகு முன்பே இடது காலை எடுத்துவிடுங்கள். உடம்பும் இடப்பக்கமே சாயட்டும். இடது காலை எடுத்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்ததால்தான் எனக்கு அந்த டீக்கடைச் சம்பவம்.