சின்ன இன்ஜின் பட்டறை: "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பவரிடம் என்ன பேசுவது?

புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், பெட்ரோல் பம்ப்செட், சின்ன ஜெனரேட்டர் என்று பழுது பார்க்கும் தம்பிகள் கேட்ட கேள்விகளுக்கு, இதே தொழிலில் இருக்கும் நான் சொல்லும் பதில்கள் இவை.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, மிஷினை இறக்கி வைக்கும்போதே எவ்வளவு ஆகும் என்கிறார்கள். குறைத்துச் சொன்னால் பின்னால் சண்டை. கூட்டிச் சொன்னால் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: வாய்க்கு வந்த தொகையைச் சொல்லாதீர்கள் தம்பி. "பார்க்கக் கூலி 100 ரூபாய், வேலையை இங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அவரை அனுப்பிவிட்டுப் பிரிக்காமல், பக்கத்தில் நிற்க வைத்தே பாருங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் என்றால் பத்து நிமிட வேலைதான். பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். மாட்டிவிட்டு, அவரையே ரோப்பை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் இல்லாத இன்ஜின் கையில் தடுக்காமல் வரும், அது அவருக்கே தெரியும். அப்புறம் சைலன்சர் போல்ட்டுகளைக் கழற்றி, புகை போகும் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் பக்கவாட்டில் தெரியும். வழவழப்பாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டர், பிளக், ஏர் ஃபில்டர் பக்கம்தான். மேலும் கீழுமாக ஆழமாகக் கீறியிருந்தால் சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் சேர்ந்த சிலிண்டர் கிட் செலவு இருக்கிறது. அந்தக் கீறலை அவர் கண்ணால் பார்க்கட்டும். ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் பலர் பேரம் பேசுகிறார்கள். கீறலைப் பார்த்தவர் விலை கேட்கும் தொனியே வேறு.

பார்த்து முடித்ததும் சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தனித்தனியாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். "கூடினால் போன் செய்யாமல் கை வைக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (உடுமலை): வேலை முடிந்து பணம் கொடுக்கும்போது, பக்கத்துக் கடையில் 300 ரூபாய் குறைவு என்கிறார்கள். குறைப்பதா, விடுவதா?

பதில்: முதலிலேயே சீட்டு கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு பாதி குறைந்துவிடும். மீதிப் பேருக்கு என் வழி: கூலியில் கை வைக்க மாட்டேன். சாமானில் இரண்டு விலை சொல்வேன், கம்பெனி கிட் ஒன்று, மார்க்கெட் கிட் ஒன்று. எதைப் போட்டேன் என்று பில்லில் எழுதுவேன்.

காசு குறைவாகக் கொடுக்கிறார் என்பதற்காக வேலையைக் குறைக்கவே கூடாது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்ட இன்ஜினில் புது கிட்டை மாட்டி அனுப்புவது பாதி வேலைதான். ஏன் பிடித்தது என்று பார்த்தாக வேண்டும். ஆயில் கலக்காத பெட்ரோலா, கேஸ்கெட் வழியாகக் காற்று இழுக்கிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வருகிறதா? காற்று வரும் பக்கம் மட்டும் பிஸ்டன் மங்கித் தேய்ந்திருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. இதைப் பார்க்காமல் விட்டால் புது பிஸ்டனும் அதே கதிதான். அப்போது போகும் பெயரை எந்த 300 ரூபாயும் திருப்பித் தராது.

ஆயில் அளவை எல்லோரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். கம்பெனி 25:1, அதாவது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், என்று சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. பலர் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறார்கள். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பைச் சும்மாவே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (தேனி): ஆன்லைனில் வாங்கிய சாமானைக் கொண்டுவந்து மாட்டச் சொல்கிறார்கள், ஐயா.

பதில்: மாட்டுங்கள். முழுக் கூலி வாங்குங்கள். "சாமான் உங்களுடையது, அதற்கு கேரண்டி இல்லை" என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அளவு சேராத பிஸ்டன், ஆட்டம் கொடுக்கும் பேரிங் என்றால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): ஆறு மாசம் கழித்து வந்து, "நீ சர்வீஸ் பண்ண மிஷின்தான், ஸ்டார்ட் ஆகலை, சும்மா பாரு" என்கிறார் ஒருவர்.

பதில்: டேங்கில் இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அவர் முன்னால் வையுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாக நிற்கும். மாசக்கணக்கில் கிடந்த பெட்ரோல், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும், அதில் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிராமை விறைக்க வைக்கும். பாட்டிலைக் காட்டிவிட்டு கார்புரேட்டர் கூலியைக் கேளுங்கள். அடுத்த முறை ஓரம்கட்டும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): கடன் கேட்பவர்களை என்ன செய்வது அண்ணே? சிலர் மிஷினை எடுக்கவே வருவதில்லை.

பதில்: நம் பக்கம் நெல் போட்ட பணம் கைக்கு வந்தால்தான் விவசாயியிடம் காசு. அவரிடம் கறாராக நிற்க எனக்கு மனசு வராது. ஆனால் சாமான் கடைக்காரர் நமக்காகக் காத்திருக்க மாட்டார். அதனால் சாமான் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கூலியை மட்டும் அறுவடைவரை விடுங்கள். அது வராமல் போனாலும் நம் உழைப்புதான் போகும், முதல் போகாது.

எடுக்க வராதவர் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170: வேறு மாதிரி பேசிக்கொள்ளாதபட்சத்தில், பொருளில் உழைத்தவர் கூலி வரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். விற்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை. மிஷினைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பிடித்து வைக்கும் உரிமையும் போய்விடும்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): ரிப்பேர் செலவு புது மிஷின் விலையை நெருங்கினால்?

பதில்: பாதியைத் தாண்டும்போதே சொல்லிவிடுங்கள். வேலை கைவிட்டுப் போகும்தான், ஆனாலும் சொல்லுங்கள். பழைய பிரஷ் கட்டரில் கியர் ஹெட், கிளட்ச், ஸ்டார்ட்டர் நன்றாக இருந்தால் நியாயமான விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் அடுத்து வரும்போது, குறைந்த செலவில் முடிக்கக் கேட்பவருக்கு அவை உதவும்.