தம்பியின் பழைய பழக்கத்தை சர்ஜனிடம் சொல்லலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். டிரமடால் என்ற வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து தம்பி மீண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பழக்கம் திரும்பாமலிருக்க இன்னும் தினமும் நால்ட்ரெக்சோன் மாத்திரை சாப்பிடுகிறான். அடுத்த மாதம் சேலத்தில் குடலிறக்க ஆபரேஷன். பழைய கதை ஃபைலில் ஏறினால் கல்யாணமும் இன்சூரன்ஸும் கெடும், மறைத்துவிடுங்கள் என்கிறார் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா. சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் இந்த வாரமே சொல்லுங்கள்.

டிரமடால், மார்ஃபின் போன்றவை மூளையில் போய் உட்காரும் இடத்தை நால்ட்ரெக்சோன் முன்பே பிடித்துக்கொள்கிறது. அதனால் வலி ஊசி போட்டாலும் கேட்காது. கேட்கவில்லையே என்று டோஸைக் கூட்டினால் மூச்சுக்கே ஆபத்து. நால்ட்ரெக்சோன் மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பாவது நிறுத்த வேண்டியிருக்கும். மாத ஊசி என்றால் 4 வாரக் கணக்கு. அந்தத் தேதியை மனநல டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய பிறகும் கவனம் வேண்டும்: முன்பு தாங்கிய டிரமடால் அளவை தம்பியின் உடம்பு இப்போது தாங்காது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இந்த ரகசியத்தைக் காக்கிறது. சிகிச்சை தரும் மற்ற டாக்டர்களிடம் சொல்ல வழி உண்டு; பெண் வீட்டாருக்கு அதில் இடமில்லை. ‘ஆபா’ (ABHA) என்ற அரசின் டிஜிட்டல் மருத்துவப் பதிவு எண்ணில் பதிவானாலும் உங்கள் சம்மதத்தோடுதான் இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்க முடியும். பார்க்க ஏதாவது இருந்தால்தானே! எண்ணோடு வருகிறார்கள், திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மஞ்சப்பையில் கசங்கிய சீட்டுகளைத் தேடித்தான் இன்றும் மருந்து எழுதுகிறேன். டிரமடால் விற்றால் மெடிக்கலில் பேரேட்டில் எழுதி 3 வருடம் வைக்க வேண்டும். மருந்து எழுதும் டாக்டர் கண்ணுக்கு அந்தப் பேரேடு வருவதே இல்லை. ஐந்து கடையில் ஐந்து சீட்டு காட்டி வாங்கினால் யாருக்குத் தெரியும்? அதனால் நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

அந்த ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். படிவத்தில் கேட்டதை மறைத்தால், பணம் கேட்கும் நாளில் கம்பெனி அதையே காட்டிக் கைவிரிக்கும். அவர் கமிஷன் எப்போதோ கைக்கு வந்திருக்கும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் தராதீர்கள். ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரையும் நம்பாதீர்கள்.

மனநல டாக்டரிடம் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட தேதி எழுதிய ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். பழக்கம் இருந்தவர் என்பதற்காக வலியோடு விடக்கூடாது; நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, பாரசிட்டமால் என்று வேறு வழிகள் உண்டு, கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடாலோ அதே ரகமான டேபென்டடாலோ இருந்தால் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். மலையேறி வந்த பிறகு ராத்திரியில் யாரைப் பிடிப்பீர்கள்?