திருக்கேதீச்சரம்: எது பழசு?

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன சிவராத்திரிக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருக்கேதீச்சரம் போய் வந்தேன். மகளுக்கு ஒன்பது வயது, வழி முழுக்கக் கேள்விதான். கேது பூசித்த தலம் என்றார் அம்மா. வான் வண்டியில் கூட வந்த மாமா, இல்லை, மண்டோதரியின் தகப்பன் மயன் கட்டியது என்றார். பின் சீட்டில் இருந்த இன்னொருவர், இராவணனைக் கொன்ற தோஷம் தீர இராமர் கும்பிட்ட இடம் என்றார். போய் இறங்கினால் பளபளவென்று புதுக் கருங்கல் கோயில். "அம்மா, இது என்னைவிடச் சின்னது" என்று மகள் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம், ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழைய கோயில் என்று நாம் பெருமையாகச் சொல்வது வெறும் கதைதானா? அவளுக்கு எந்தக் கதையைச் சொல்வது?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

மகளின் கணக்குச் சரி. இப்போது நிற்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 2022 ஜூலை 6ஆம் திகதி. இந்திய அரசின் பணம், மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கைவேலை. அதற்கு முன் நின்ற கோயிலுக்கு 1976இல் கும்பாபிஷேகம். அதற்கும் முன்னால் 1903இல் பூசை தொடங்கிய சிறு கோயில். அதற்கு முன் சுமார் முந்நூறு வருஷம் காடு.

இதில் மனம் கலங்க ஒன்றும் இல்லை. கட்டடத்தை இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுவது நம் கோயில்களின் வழக்கமான வாழ்க்கை. அதற்கென்றே பாலஸ்தாபனம் என்ற சடங்கு இருக்கிறது. மூர்த்தியைத் தற்காலிக இடத்தில் வைத்துப் பூசையை நிறுத்தாமல் நடத்துவார்கள், இந்தப் பக்கம் சுவர் இடிபடும். கொழும்பிலேயே பாருங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தகப்பனார் கட்டினார், மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912க்குள் முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்தார். முதற் கட்டடம் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கதைகளுக்கு வருகிறேன். மூன்றும் தலபுராண மரபில் வருபவைதான். இராமர் தோஷம் தீர்த்த கதையை முன்னேஸ்வரத்துக்காரரும் சொல்வார்கள். அது ஊருக்கு ஊர் உரிமை கொண்டாடும் கதை. கேது கதைதான் இந்தத் தலத்துக்கே உரியது, கோயிலின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் எந்தக் கதையைக் கொண்டும் கோயிலுக்கு வயது போட முடியாது. வாட்ஸ்அப்பில் பத்தாயிரம் வருஷம் என்று வருகிறதே, அதை மகளுக்குக் காட்டாதீர்கள்.

வயதைச் சொல்ல நமக்கு வேறு ஒன்று இருக்கிறது, தேவாரம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஒரு பதிகம், அடுத்த நூற்றாண்டில் சுந்தரர் ஒரு பதிகம். ஈழத்தில் பாடல்பெற்ற தலங்கள் இரண்டே இரண்டு. கோணேச்சரத்தைச் சம்பந்தர் மட்டும் பாடினார், கேதீச்சரத்துக்கு இருவருமே பாடினார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, சம்பந்தர் இங்கே வந்ததாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. இராமேச்சரத்தில் நின்றபடியே கடலுக்கு இக்கரையில் இருந்த சிவனைப் பாடினார் என்கிறது. "கனைகடல் கடிகமழ் பொழிலணி மாதோட்டம்" என்கிறார் அவர். மாதோட்டம் என்பது கோயில் இருக்கும் கரையோர ஊர். சுந்தரரோ பாட்டுக்குப் பாட்டு "பாலாவியின் கரைமேல்" என்று குளத்தைக் கை காட்டுகிறார். அவரும் இராமேச்சரத்தில் நின்றே பாடியவர் என்பார்கள். அக்கரையில் நின்றவருக்கு இந்தக் குளத்தின் பெயர் எப்படித் தெரிந்தது? போய் வந்துகொண்டிருந்த ஆட்கள் சொல்லித்தான் இருக்கவேண்டும். அவ்வளவு நெருக்கமான போக்குவரத்து.

"வங்கம் மலிகின்ற கடல் மாதோட்ட நன்னகரில்" என்றும் சுந்தரர் பாடுகிறார். கப்பல்கள் நிறைந்த கடல். பக்திப் பாட்டில் வரும் வழக்கமான அலங்காரம் என்று கடந்து போய்விடலாம். ஆனால் மாதோட்டத் துறைமுகம் இருந்த மாந்தையில் 1980களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் கண்ணாடி மணிகளும் வந்தன. 2009, 2010இல் மறுபடி தோண்டியபோது கருகிய தானியங்களோடு மிளகும், ஒரே ஒரு கிராம்பும் கிடைத்தன. கிராம்பு இந்த நாட்டுப் பயிர் அல்ல, அந்தக் காலத்தில் அது விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அங்கிருந்து ஏழாயிரம் கிலோமீற்றர் கடல் கடந்து வந்து, மாதோட்டத்தில் யாரோ ஒருவர் வீட்டில் சிந்தி, ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. சுந்தரர் சொன்ன வங்கங்களில் ஏறி வந்த சரக்கு இப்படிப்பட்டதுதான். மகளுக்குக் கதை வேண்டுமென்றால் இந்தக் கிராம்புக் கதையையும் சொல்லுங்கள். சமையலறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம் போர்த்துக்கேயர். 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். கேதீச்சரத்துக் கற்கள் அந்தக் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. கோயில் போயிற்று, துறைமுகம் அதற்கு முன்பே படுத்துவிட்டது, காடு மூடியது. அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தேடிப் போக எது காரணம் என்றால், பதிகம்தான். ஆறுமுக நாவலர் 1872இல் இந்தத் தலத்தைத் திரும்ப எழுப்பவேண்டும் என்று சைவர்களைக் கூப்பிட்டபோது அங்கே காட்ட ஒரு சுவர்கூட இல்லை. ஓதுவார் வாயிலும் ஏட்டிலும் இருந்த இரண்டு பதிகங்கள் இருந்தன, அவற்றில் இடம் தெளிவாக இருந்தது: மாதோட்டம், கடற்கரை, பாலாவி. நாவலர் 1879இல் காலமாகிவிட்டார். சைவர்கள் அந்தக் காட்டு நிலத்தை விலைக்கு வாங்கித் துப்புரவாக்கியது அதற்குப் பிறகு. 1894இல் தோண்டியபோது சிவலிங்கமும் நந்தியும் மண்ணுக்குள் இருந்து வந்தன.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பழமை இருப்பது அந்த இடத்திலும் அந்தப் பாட்டிலும். கல் வரும், போகும்.

ஆனால் கல் போகிறபோது கொஞ்சம் கவனமாகப் போகலாம் என்பதும் என் அபிப்பிராயம். திருப்பணி என்றால் முதல் நாளே இடிப்பு வேலை தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் நாலு படம் எடுத்து, அளவெடுத்து, எந்தத் தூண் யார் காலத்தது என்று எழுதி வைக்க நம்மவர்களுக்குப் பொறுமை இல்லை. உபயகாரர் பெயரைப் பொறிப்பதில் மட்டும் எழுத்துப்பிழைகூட வராது.

இந்தக் கோயில் எழும்பியதில் கொழும்புக்குப் பெரிய பங்கு உண்டு, அது பலருக்குத் தெரியாது. திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிச் சபை தொடங்கியது 1948இல். அதை முன்னின்று நடத்திய சேர் கந்தையா வைத்தியநாதன், சுதந்திர இலங்கையின் வெளிவிவகார, பாதுகாப்பு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர், பிறகு மந்திரியாகவும் இருந்தவர். கோப்பும் கடிதமும் குழுக் கூட்டமுமாக வாழ்ந்த ஒரு பெரிய உத்தியோகத்தர், தன் ஆயுளின் பிற்பகுதியை மன்னார்க் காட்டிலுள்ள ஒரு கோயிலுக்குக் கொடுத்தார். 1965இல் இறந்துபோனதால் 1976 கும்பாபிஷேகத்தை அவரும் பார்க்கவில்லை. தலபுராணத்தில் மயனுக்கு இடம் இருக்கிறது. வைத்தியநாதனுக்கும் ஒரு செய்யுள் எழுதலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1990க்குப் பிறகு நடந்ததை உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். சனம் இடம்பெயர்ந்தது, இராணுவம் வந்தது, பல வருஷம் பூசை இல்லை. 2013 டிசம்பரில், கோயிலுக்குக் கிட்ட தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எலும்புக்கூடுகள் வந்தன. அவை எந்தக் காலத்தவை, யாருடையவை என்று நெடுங்காலம் சர்ச்சை நடந்தது. மறுமலர்ச்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கருங்கல்லுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஒரு வேலை சொல்கிறேன். கொழும்பு நூதனசாலையில் மாதோட்டத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, இராசராச சோழன் காலத்தைச் சேர்ந்தது. சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூர் தாழிகுமரன் என்பவன் மாதோட்டத்தில் எடுப்பித்த கோயிலுக்குக் கொடுத்த நிவந்தங்களை, அதாவது கோயில் செலவுக்கு விட்ட கொடைகளைச் சொல்கிறது. அதைக் கேதீச்சரத்துக் கல்வெட்டு என்று முகநூலில் பகிர்கிறார்கள், அது தவறு. கல்வெட்டிலேயே கோயிலின் பெயர் இராசராச ஈசுவரம் என்று இருக்கிறது. அதாவது அந்த ஊரில் கேதீச்சரத்தைவிட வேறு கோயிலும் இருந்தது. அது மண்ணில் எங்கே கிடக்கிறதோ. அதற்குப் பதிகம் பாட யாரும் இல்லை, தேடவும் யாரும் போகவில்லை.

நூதனசாலைக்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், ஒரு சனிக்கிழமை போதும். அடுத்த முறை கேதீச்சரம் போவதானால் சிவராத்திரியை விட்டுவிட்டுச் சாதாரண நாளில் போங்கள். சிவராத்திரியில் பாலாவியில் தண்ணீர் மொண்டுவந்து நம் கையாலேயே இலிங்கத்துக்கு ஊற்றுவது நல்ல அனுபவம்தான், ஆனால் அந்தச் சனத்துக்குள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதுகுகள்தான் தெரியும். தலைமன்னார் ரயில் பாதையில் கோயிலின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷனும் உண்டு. மாமாவையும் பின் சீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். மூன்று கதையும் அவள் கேட்கட்டும், எது முதல் என்று அவளே சண்டை பிடிப்பாள்.