'பாஸ்வேர்ட் தவறு' என்று வருகிறதா? உங்கள் டேட்டா இன்னும் இருக்கிறது

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் சார். ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஜாப்வொர்க் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப் விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டாக்கர் டெஸ்க்டாப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கணக்கைக் கவனிக்கும் பைத்தான் ஏபிஐ, திரையைக் காட்டும் ரியாக்ட் என்று மூன்று கண்டெய்னர்கள் ஓடுகின்றன. மாதக் கணக்கு எக்செல் ஷீட்டை ஏற்றும்போதெல்லாம் ஏபிஐ 137 என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. பழைய இமேஜ்களை அழித்தும் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. கூட வேலை செய்பவர் அனுப்பிய, பாஸ்வேர்ட் போன்ற அமைப்புகள் உள்ள புதிய என்வ் கோப்பைப் போட்டதிலிருந்து டேட்டாபேஸ் 'பாஸ்வேர்ட் தவறு' என்கிறது. யூனிட்டின் மூன்று மாத நோட்டை நானே உட்கார்ந்து ஏற்றியது அதில்தான் இருக்கிறது. டாக்கரை அன்இன்ஸ்டால் செய்து புதிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப்பை அன்இன்ஸ்டால் செய்தால் இமேஜ் (புரோகிராமின் அச்சு), கண்டெய்னர் (அதிலிருந்து எழுந்து ஓடும் தனிப் பெட்டி) மட்டுமல்ல, வால்யூம்களும் (டேட்டா தங்கும் சேமிப்பிடம்) சேர்ந்து போய்விடும். உங்கள் மூன்று மாத உழைப்பு இருப்பது அந்த வால்யூமில். நண்பர் சொல்வதுபோலச் செய்தால் 'பாஸ்வேர்ட் தவறு' என்ற செய்தி நிச்சயம் வராது. ஏனென்றால் திறக்க அங்கே ஒன்றும் இருக்காது.

நான் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து பல வருடமாக இந்த மாதிரி மெஷின்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். காட்பாடியிலிருந்து ஒரு மாணவர் ஒருமுறை லேப்டாப்போடு வந்தார். கண்டெய்னர் எழவில்லை என்று எங்கோ படித்து, எல்லாக் கண்டெய்னர்களையும் சேர்த்து நிறுத்தும் 'டாக்கர் கம்போஸ் டவுன்' என்ற கட்டளையின் கடைசியில் ஹைஃபன் வி சேர்த்து அடித்திருக்கிறார். அந்த ஒரு எழுத்து வால்யூமையும் அழித்துவிடும். ஆறு வாரம் வீடு வீடாகப் போய் எடுத்த சர்வே அதில் இருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்கிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று தொல்லைகளும் தனித்தனி. பாஸ்வேர்ட் பிரச்சினையில் தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் நல்ல செய்தி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இமேஜ், என்வ் கோப்பில் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை ஒரே ஒரு முறைதான் படிக்கும்: டேட்டா போல்டர் காலியாக இருக்கும்போது, முதல்முதலாக எழும்பும் நேரத்தில். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எதை மாற்றினாலும் அது திரும்பிப் பார்க்காது. உள்ளே பழைய பாஸ்வேர்டே இருக்கிறது, ஏபிஐ புதியதைக் கொண்டுபோய் நீட்டுகிறது. ஆக, இந்தச் செய்தி வருவதன் பொருள், பழைய டேட்டா அப்படியே உள்ளே இருக்கிறது என்பதுதான். காலியான டேட்டாபேஸ் என்றால் புதிய பாஸ்வேர்டை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பிழையைச் சொல்வது யார்? ஏபிஐயின் லாகில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில்) வருகிறதா, அல்லது விண்டோஸிலிருந்து பிஜிஅட்மின் போன்ற டேட்டாபேஸ் பார்க்கும் மென்பொருளில் திறக்கும்போது மட்டும் வருகிறதா? இரண்டாவது என்றால் வேறு சந்தேகம் எனக்கு வரும். எப்போதோ படிப்புக்காக விண்டோஸிலேயே நேரடியாக ஒரு போஸ்ட்கிரெஸ் போட்டு மறந்திருப்பீர்கள். அதுவும் 5432 போர்ட்டில்தான் (இணைப்புக்கான வாசல் எண்) உட்கார்ந்திருக்கும். நீங்கள் கதவைத் தட்டுவது அந்த வீட்டில், பதில் எதிர்பார்ப்பது இந்த வீட்டில். கண்டுபிடிப்பது எளிது. ஒரு டெர்மினலில் 'டாக்கர் கம்போஸ் லாக்ஸ் ஹைஃபன் எஃப் டிபி' என்று ஓடவிட்டு (டிபி என்பது கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்கு வைத்த பெயர்), பக்கத்தில் வைத்துக்கொண்டு இணைத்துப் பாருங்கள். நீங்கள் இணைக்கிற அதே விநாடியில் அங்கே 'ஃபேட்டல்' என்று ஒரு வரி விழுந்தால் சரியான வீடு. லாக் அசையவே இல்லையென்றால் வேறு வீடு. அப்போது, கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைத்திருக்கும் கம்போஸ் கோப்பில் வெளிப்பக்க போர்ட்டை 5433 என்று மாற்றினால் முடிந்தது.

சரி, உங்கள் வீடுதான் என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு பேக்கப். பாஸ்வேர்டே தெரியாமல் எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். இந்த இமேஜில், கண்டெய்னருக்கு உள்ளேயே இருந்து இணைப்பவரிடம் அது பாஸ்வேர்ட் கேட்பதில்லை. 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் டிபி' என்று தொடங்கி, அதற்குப் பின் பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கட்டளையைக் கொடுங்கள். யூசர் பெயர் பழைய என்வ் கோப்பில் இருந்தது. புதிய கோப்பில் அதையும் மாற்றியிருந்தால் அந்தப் புதிய பெயர் இங்கே வேலை செய்யாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். பேக்கப்பைக் கோப்பில் சேமிக்க பவர்ஷெல்லில் 'பெரியது' குறியை (>) போட்டுத் திருப்பிவிடாதீர்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 அதை வேறு என்கோடிங்குக்கு (எழுத்தைச் சேமிக்கும் முறைக்கு) மாற்றி எழுதிவிடும். அப்புறம் திரும்ப ஏற்றும்போது முதல் வரியிலேயே தகராறு. அதைவிடக் கொடுமை, தையல்காரர்களின் பெயர்களைத் தமிழில் ஏற்றியிருந்தால் அவ்வளவும் புரியாத எழுத்தாகிவிடும். அதனால் ஹைஃபன் எஃப் கொடுத்து, கண்டெய்னருக்கு உள்ளேயே டெம்ப் போல்டரில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 'டாக்கர் கம்போஸ் சிபி' மூலம் வெளியே கொண்டுவாருங்கள். சி டிரைவில் இடமில்லை என்கிறீர்கள், நேராக பென்டிரைவுக்கே எடுங்கள். எடுத்ததும் கோப்பைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு தையல்காரரின் பெயரைத் தேடிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் 'டம்ப் கம்ப்ளீட்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். எத்தனை ஜோடி தைத்தார் என்ற அந்த எண்ணில்தான் அவருடைய கூலி இருக்கிறது.

இப்போது அதே எக்ஸெக் வழியில், போஸ்ட்கிரெஸோடு பேசும் பிஎஸ்கியூஎல்லுக்குள் போய் பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட் என்று அடியுங்கள். புதிய பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். என்வ் கோப்பில் இருப்பதையே கொடுங்கள். வெளியே வந்து ஏபிஐயை ரீஸ்டார்ட் செய்தால் இணைந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

ஒருவேளை உள்ளே போனதும் டேபிளே இல்லையென்றால் பதறாதீர்கள். புராஜெக்ட் போல்டரின் பெயரை மாற்றினீர்களா? கம்போஸ் வால்யூமுக்குப் பெயர் வைக்கும்போது போல்டர் பெயரை முன்னால் ஒட்டிக்கொள்ளும். போல்டர் பெயர் மாறினால் புதிதாக ஒரு காலி வால்யூமை உருவாக்கிக்கொண்டு அதில் ஓடும், பழையது ஓரமாகப் பத்திரமாக இருக்கும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' அடித்தால் இரண்டும் தெரியும். போல்டருக்குப் பழைய பெயரையே வைத்தால் டேட்டா வந்துவிடும்.

அடுத்தது 137. இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கலாம்: 128 கூட்டல் 9. லினக்ஸில் 9 என்ற சிக்னல் கொல்வதற்கானது. உங்கள் புரோகிராம் தானாகத் தடுக்கி விழவில்லை, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். கொல்வது பெரும்பாலும் லினக்ஸின் மையமான கெர்னல், காரணம் பெரும்பாலும் மெமரி. 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' அடித்து 'ஊம் கில்ட்' (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டதா) என்ற வரியைப் பாருங்கள். 'ட்ரூ' என்றிருந்தால் சந்தேகமே இல்லை. 'ஃபால்ஸ்' என்றிருப்பதை மட்டும் வைத்து மெமரியை விடுவித்துவிட முடியாது. நீங்களே நிறுத்தும்போது 137 வந்தால் அது வேறு கதை. டாக்கர் முதலில் நிறுத்தச் சொல்லி 10 விநாடி பொறுக்கும், கேட்காவிட்டால் கொல்லும். உங்களுக்கு எக்செல் ஏற்றும்போது வருகிறது, அதனால் நான் மெமரியைத்தான் பிடிப்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்கர் உங்கள் விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 என்ற சின்ன லினக்ஸுக்குள் ஓடுகிறது. அது வழக்கமாக ராமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 4 ஜிபி. அதற்குள் மூன்று கண்டெய்னர். இப்போது 'டாக்கர் ஸ்டாட்ஸ்' என்று ஓடவிட்டு எக்செல்லை ஏற்றுங்கள். ஏபிஐ வரியில் மெமரி எண் சில நூறு எம்பியிலிருந்து ஏறிக்கொண்டே போகும், 2 ஜிபியைத் தாண்டும், அப்புறம் அந்த வரியே காணாமல் போகும். பைத்தானில் எக்செல் படிக்க ஓப்பன்பைஎக்செல் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணமாகத் திறந்தால் கோப்பின் அளவைப்போல ஏறத்தாழ 50 மடங்கு மெமரி பிடிக்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. 50 எம்பி கோப்புக்கு 2.5 ஜிபி! 'ரீட் ஒன்லி' என்று ஒரு வழி இருக்கிறது, அதில் வரி வரியாகப் படிக்கும். வைத்தியம் அங்கேதான் செய்ய வேண்டும். டாக்கருக்கு மெமரியைக் கூட்டிக்கொண்டே போனால், யூனிட்டில் ஆர்டர் கூடுகிற மாதம் மறுபடியும் விழும்.

அதோடு, ரியாக்டை டாக்கருக்கு வெளியே விண்டோஸிலேயே ஓட்டுங்கள். 8 ஜிபி மெஷினில் அதற்குள் வைத்திருப்பது வீண். கொஞ்சம் மெமரி கூட்டியே ஆகவேண்டுமென்றால், உங்கள் யூசர் போல்டரில் 'டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' என்ற கோப்பில், டபிள்யூஎஸ்எல்2 தலைப்பின்கீழ் மெமரி 5 ஜிபி, ஸ்வாப் 4 ஜிபி என்று எழுதலாம். அதற்குமேல் போனால் விண்டோஸ் திணறும். நோட்பேடில் சேமிக்கும்போது கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அந்தக் கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள், நீங்கள் மாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். 'டபிள்யூஎஸ்எல் ஹைஃபன் ஹைஃபன் ஷட்டவுன்' கொடுத்து மறுபடி எழுப்பினால்தான் மாற்றம் வரும்.

இன்னொன்று. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். மெத்தைமேல் வைத்து பில்ட் ஓட்டினால் லேப்டாப் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதியம் மெதுவாகவும் விடியற்காலையில் வேகமாகவும் ஓடினால் டாக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக சி டிரைவ். இமேஜ்களை அழித்தும் இடம் வராததற்குக் காரணம் உண்டு. டாக்கரின் சொத்து முழுவதும் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் இருக்கிறது, பெயரின் கடைசியில் விஎச்டிஎக்ஸ் என்று இருக்கும். உங்கள் ஆப்டேட்டா போல்டரில், லோக்கலில், டாக்கர் என்ற போல்டருக்குள் தேடுங்கள். இது நெல் குதிர் மாதிரி. நெல்லை அள்ளி எடுத்துவிட்டாலும் குதிர் வீட்டில் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். உள்ளே காலி செய்வது ஒரு வேலை, குதிரின் அளவைக் குறைப்பது இன்னொரு வேலை.

உள்ளே எது அடைத்திருக்கிறது என்று 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' காட்டும். பெரும்பாலும் பில்ட் கேஷ்தான், அதாவது இமேஜ் கட்டும்போது மிஞ்சும் தற்காலிகக் கோப்புகள். 'டாக்கர் பில்டர் ப்ரூன்' அதை மட்டும் எடுக்கும், டேட்டாவைத் தொடாது. ப்ரூன் கட்டளையில் 'வால்யூம்' என்ற சொல் எங்காவது வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். பிறகு டாக்கரை மூடி, டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்து, அட்மினாகத் திறந்த டெர்மினலில் டிஸ்க்பார்ட் ஓட்டுங்கள். 'செலக்ட் விடிஸ்க்' என்று அந்தக் கோப்பைக் காட்டி, ரீட்ஒன்லியாக அட்டாச் செய்து, 'காம்பேக்ட் விடிஸ்க்' கொடுத்து, டிட்டாச் செய்ய வேண்டும். ஆப்டிமைஸ் விஎச்டி என்ற எளிய கட்டளையைச் சிலர் சொல்வார்கள், ஹோம் பதிப்பில் அது கிடைக்காது. பவர் கட் நேரத்தில் இதை ஓட்டாதீர்கள், சார்ஜர் மாட்டியிருக்கட்டும். கம்போஸ் கோப்பில் லாகுக்கு 'மேக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மேக்ஸ் ஃபைல்' 3 என்றும் போட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால் லாக் எல்லையில்லாமல் வளர்ந்து அந்தப் பெரிய கோப்பை மறுபடி நிரப்பும்.

இமேஜ்களைப் புதிதாக இறக்கப்போகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸுக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதியிருந்தால், இப்போது ஓடுகிற பதிப்பு எண்ணையே எழுதிவிடுங்கள். 15 எழுதிய டேட்டாவை 16 திறக்காது.

இன்றிரவு பேக்கப்பையும் பாஸ்வேர்டையும் மட்டும் முடியுங்கள். எக்செல்லை 'ரீட் ஒன்லி'யில் மாற்றிய பிறகும் 137 வந்தால், விழுவதற்குச் சற்று முன் எடுத்த ஸ்டாட்ஸ் படத்தையும் இன்ஸ்பெக்ட் காட்டுவதையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.