அப்பாவின் இறுவட்டுகளுக்குப் பெயர் எழுதுதல்

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சேர்த்துவைத்த 280 இறுவட்டுகள் (சிடிகள்) ஒரு டிரங்குப்பெட்டியில் இருக்கின்றன. பழைய படப் பாட்டுகள், பக்திப் பாட்டுகள், அவற்றோடு தோட்டத்துக் கோவில் திருவிழாவிலும், மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்திலும் கசட்டில் பதிந்து, பிறகு கடையில் கொடுத்து இறுவட்டாக்கிய முப்பது பதிவுகள். போன வருட லீவில் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டார். இப்போது பாதிக்கு மேல் 'தெரியாத ஆல்பம்', 'ட்ராக் 01' என்று கிடக்கிறது. ஒரே படத்தின் பாட்டுகள் ஆறு துண்டாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழில் பெயர் எழுதியவற்றை வேன் செட்டில் போட்டால் பெட்டி பெட்டியாக வருகிறது. "எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். அந்த முப்பதை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். மற்ற 250இல் ஒலிக்கு ஒரு குறையும் இல்லை, பெயர்தான் இல்லை. கோப்பில் பெயரை மாற்றுவதால் பாட்டின் ஒலி துளியும் கெடாது.

பெயர் ஏன் வரவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண இறுவட்டில் பாட்டின் பெயர் பதியப்பட்டிருக்காது. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் வட்டில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும் இருக்கும். மென்பொருள் அந்தக் கணக்கை இணையத்திலுள்ள ஒரு தரவுத்தளத்துக்கு அனுப்பி, இதே கணக்குள்ள வட்டை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று கேட்கும். பதிந்திருந்தால் பெயர் வரும். கடையில் எழுதிய உங்கள் அப்பாவின் வட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதை யார் பதிந்திருக்கப்போகிறார்கள்? இரண்டு மூன்று பாட்டு மட்டுமுள்ள வட்டுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. கணக்கு தற்செயலாக ஒத்துப்போய், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நாட்டுப் பாட்டின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே தானாக வந்த பெயர்களையும் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

'தெரியாத ஆல்பம்' கோப்புறைகளில் எது எந்த வட்டு என்று திகைக்க வேண்டாம். விண்டோஸ் மீடியா பிளேயரில் ஏற்றியிருந்தால் கோப்புறையின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் திகதியும் நேரமும் இருக்கும். பெட்டியில் அடுக்கிய வரிசையிலேயே ஏற்றினீர்கள் என்றால், அந்த நேர வரிசைதான் வட்டுகளின் வரிசை. சந்தேகம் வந்தால் பாட்டுகளின் எண்ணிக்கையையும், முதல் பாட்டின் நீளத்தையும் வட்டோடு ஒப்பிடுங்கள், போதும்.

இன்னொன்று. உறையில் '100 பாடல்கள்', '150 பாடல்கள்' என்று போட்டிருந்தால் அது எம்பி3 வட்டு. அதில் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அப்படியே பிரதி எடுத்தால் போதும். அவற்றைப் பெரிய வடிவத்துக்கு மாற்றினால் இடம்தான் வீணாகும், சுருக்கும்போது போன ஒலி திரும்பி வராது.

இனி அந்த முப்பது. எல்லோரும் படப் பாட்டில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது இலகு. நான் எதிர்ப்பக்கமாகச் சொல்கிறேன். படப் பாட்டின் விவரம் பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். உங்கள் தோட்டத்துக் கூத்தில் ரதியாக ஆடியது யார், தப்புப் பறை அடித்தது யார் என்பது உங்கள் அப்பாவுக்கும் அவர் வயதுக்காரர் நாலைந்து பேருக்கும்தான் தெரியும். அதை முதலில் எழுதிவிடுங்கள்.

வட்டுகளும் காத்திருக்காது. கடையில் எழுதும் வட்டின் பதிவுப் படலம் மேற்பக்கத்தில், பெயர் எழுதும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய வழியுண்டு, மேற்பக்கம் உரிந்தால் போனது போனதுதான். எங்கள் மலைப்பக்க ஈரத்தில் ஒட்டிய காகித லேபல் ஊறி, ஓரத்தில் கிளம்பும். அப்படிக் கிளம்பிய ஒரு லேபலை நான் விரலால் இழுத்தேன். வெள்ளிப் படலம் ஒரு நகத்தளவு அதோடு வந்துவிட்டது, கண்ணாடிபோல் அந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு திருவிழாப் பதிவின் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் அந்த நகத்தளவில் போயிற்று. லேபலைத் தொடாதீர்கள். பூஞ்சை இருந்தால் மெல்லிய பருத்தித் துணியை இலேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

ஏற்றுவதற்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். தடுமாறும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதில் ஒரே பாட்டை இருமுறை படித்து ஒப்பிடும் வசதி இருக்கிறது. கடைகளில் விற்கும் வட்டு என்றால் மற்றவர்கள் ஏற்றியதோடு ஒப்பிடலாம், உங்கள் வட்டுக்கு அந்த இரண்டாவது வாசிப்புத்தான் சாட்சி. ஒலியைக் குறைக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். 60 நிமிட வட்டு சுருக்காமல் ஏறக்குறைய 635 எம்பி பிடிக்கும், ஃப்ளாக்கில் பெரும்பாலும் 400க்குள் அடங்கும். முப்பதும் சேர்ந்தாலும் 12 ஜீபி அளவுதான். ஒலியில் எதுவும் குறையாது. கூத்துக்கு ஃப்ளாக் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது: கடைக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டியிருப்பார், எம்பி3 ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் ஒரு சிறு மௌனத்தைச் சேர்க்கும். தப்பு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் அந்த வெட்டு காதில் தட்டும்.

டேக் என்பது கோப்புக்குள்ளேயே வைக்கும் குறிப்புச் சீட்டு. எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழம்பினால் இலங்கை வானொலியை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று அறிவிப்பாளர் சொல்வார். அந்த ஒழுங்குதான் டேக். படத்தின் பெயர் 'ஆல்பம்' கட்டத்துக்கு. பாடியவர்கள் 'ஆர்ட்டிஸ்ட்'. இசையமைப்பாளர் 'கம்போசர்'. பாடலாசிரியருக்கும் தனிக் கட்டம் உண்டு. 'எம்பி3டேக்' என்ற மென்பொருளில் ஒரு கோப்புறையை முழுவதுமாகத் தெரிவுசெய்து, எல்லாப் பாட்டுக்கும் பொதுவானதை ஒரே தடவையில் எழுதலாம். பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃப்ளாக் கோப்பையும் அது கையாளும்.

உங்கள் படம் ஆறு துண்டானதற்குக் காரணம் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் வெறுமையாக இருப்பது. ஆறு பாட்டையும் ஆறு பேர் பாடியிருந்தால், ஆறு பேருடைய ஆறு ஆல்பம் என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே போடுங்கள், ஒன்றாகிவிடும். பல படங்களிலிருந்து தொகுத்த வட்டு என்றால் 'பலர்' என்று போடுங்கள். தொகுப்பு வட்டுகளில் வருடத்தையும் கவனியுங்கள். உறையில் 2003 என்றிருக்கும், பாட்டு 1964இல் வந்ததாக இருக்கும். நான் படம் வந்த வருடத்தைத்தான் எழுதுவேன். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தவர்கள். பிற்காலத் தொகுப்புகள் சில ஒருவர் பெயரோடு நின்றுவிடுகின்றன. மற்றவர் பெயரையும் சேர்த்து எழுதுவது நியாயம்.

எழுத்துப் பிழையைவிட எனக்கு அதிக நேரம் போவது எழுத்து ஒற்றுமையில்தான். டி.எம்.எஸ். என்று ஓரிடத்தில், டி.எம்.சௌந்தரராஜன் என்று ஓரிடத்தில் எழுதினால் இரண்டு பாடகர் ஆகிவிடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாததும் ஒன்று இருக்கிறது. 'சௌ' என்ற எழுத்தைச் சிலர் 'செ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒரேமாதிரி இருக்கும், கணினிக்கு ஔகாரக் குறி வேறு, ளகரம் வேறு. பட்டியலில் ஒரே சௌந்தரராஜன் இரண்டு வரியில் நிற்பார், ஏன் என்று நாள் முழுவதும் பார்த்தாலும் புரியாது. 'ஸ்ரீ' அப்படித்தான், இரண்டு வகையாகக் குறியேற்றலாம், பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. பழைய விசைப்பலகையில் 'கொ'வைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டினாலும் இதே வில்லங்கம். தீர்வு ஒன்றுதான்: பெயர்களை ஒரு கோப்பில் ஒருமுறை சரியாகத் தட்டி வைத்துக்கொண்டு, அங்கிருந்தே பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஏற்கெனவே எழுதியவற்றை 'ஆர்ட்டிஸ்ட்' நிரலில் வரிசைப்படுத்திப் பார்த்தால் இரட்டைகள் அகப்படும்.

தோட்டத்துப் பெயருக்கும் இதே கவனம் தேவை. பதிவேட்டில் ஒரு பெயர், சனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர் என்று ஒரே தோட்டத்துக்கு இரண்டு இருக்கும். ஆல்பத்தில் சனங்கள் சொல்லும் பெயரை எழுதி, மற்றதை 'கொமென்ட்' கட்டத்தில் போடுங்கள். உதாரணமாக ஆல்பம்: தோட்டத்தின் பெயர், மேல் டிவிசன், காமன் கூத்து. பாட்டுத் தலைப்பு: காமன் ஊன்றுதல், தகனம், ரதி புலம்பல் என்று அந்தந்தப் பகுதியின் பெயர். ஆர்ட்டிஸ்ட்: பாடியவரும் தப்படித்தவரும். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் வருடக் கட்டத்தை வெறுமையாக விட்டு, 'தம்பி பிறந்த அடுத்த மாசி' என்று அப்பா சொன்னதைச் சொன்னபடியே கொமென்டில் எழுதுங்கள். பின்னால் வருடத்தைக் கண்டுபிடிக்க அந்த வரி உதவும்.

வேன் செட் விஷயம். என்ன தெரிகிறது என்பதைப் பார்த்தாலே நோய் தெரியும். வெறும் பெட்டி வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. கேள்விக்குறி வரிசையாக வந்தால் கணினியில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது, திரும்ப எழுதத்தான் வேண்டும். ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வந்தால் யாரோ பாமினி என்ற, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். அந்த அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளி. இணையத்தில் பாமினியை இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடாக மாற்றும் கருவிகள் உள்ளன, ஒட்டினால் தமிழ் வந்துவிடும்.

எம்பி3டேக் அமைப்புகளில் ஐடி3 (எம்பி3 டேக்கின் வடிவம்) பதிப்பு 2.3, எழுத்துக் குறியேற்றம் யூடிஎஃப்-16 என்று வையுங்கள். பழைய செட்கள் பலவற்றுக்கு அது ஒத்துப்போகும். பழைய முதல் பதிப்பு டேக்கை நம்ப வேண்டாம். அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி) 3 பைட் போகும், பத்துக் குறியோடு பெயர் அறுந்துவிடும். எழுத்துருவே இல்லாத செட்டுக்கு எந்த அமைப்பும் உதவாது. அதற்காகத் தமிழ் டேக்கை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரை மட்டும் 01, 02 என்று இலக்கத்தில் தொடங்கி ஆங்கில எழுத்தில் வையுங்கள். வேனுக்கென்று ஒரு பென்டிரைவில் எம்பி3 பிரதி போதும்.

வேலை தொடங்குமுன் முழுக் கோப்புறையையும் இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வரும்போது வெளி வன்தட்டில் நேரடியாக டேக் எழுதாதீர்கள், கோப்பு பாதியில் உடையும்.

அப்பாவுக்குக் கணினித் திரையைக் காட்டிப் பெயர் கேட்டால் சொல்லமாட்டார். மாலையில் தேத்தண்ணியோடு உட்காரவைத்துப் பதிவைப் போட்டுவிடுங்கள், உங்கள் போனை ஒலிப்பதிவில் வைத்துப் பக்கத்தில் வையுங்கள். "இது மேல் லயத்து ஆள்தான், குரல் கொஞ்சம் கரகரப்பு" என்று அவர் பாட்டின் நடுவில் சொல்லுவார். அந்த ஒலிப்பதிவையும் அதே ஆல்பத்தில் கடைசி ட்ராக்காகச் சேர்த்து, ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதுங்கள்.