'மட்டும்' என்று ஒரு சொல்

கேள்வி: எனக்கு வயது 42. ஒரே நிறுவனத்தில் 17 வருடம் கணக்கராக இருந்தேன். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வேலை தேடி அலைந்தேன். வண்டி ஓட்டுவதில் சின்ன வயதிலிருந்தே ஆசை என்பதால் கனரக வாகனப் பயிற்சி முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டேன். தொலைதூர லாரி ஓட்ட ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். 'பேனா பிடித்த கைக்கு ஸ்டீயரிங்கா?' என்கிறார்கள். என் 17 வருட அனுபவம் வீண்தானா? என்னைப் போல வேறு வேலையிலிருந்து லாரிக்கு வந்தவர்கள் உண்டா? மற்ற டிரைவர்கள் என்னை மதிப்பார்களா? என் மனைவி செவிலியர். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மனைவி மறுப்பு எதுவும் சொல்லவில்லை, எந்தெந்த நாள் வீட்டில் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். போகப் போகத் தெரியும் என்றேன். அவள் சமாளித்துக்கொள்வாள். எனக்கு உறுத்துவது இந்த மரியாதை விஷயம்தான்.

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்காமல் விட்டதுதான் பெரிய விஷயம்.

வேறு வேலையிலிருந்து லாரிக்கு வந்தவர்கள் உண்டா என்கிறீர்கள். வராதவர்கள் யார்? பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாரும் இந்த வண்டியில் ஏறிவிட முடியாது. அமெரிக்காவில் மாநிலம் தாண்டிச் சரக்கு ஓட்டப் பொதுவாக 21 வயது ஆக வேண்டும். இந்தியாவில் போக்குவரத்து வாகனம் ஓட்ட 20. அதுவரைக்கும் ஒருவன் சும்மாவா உட்கார்ந்திருப்பான்? வயலிலோ கடையிலோ பட்டறையிலோ ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வருகிறான். அதற்கு மேல், வேலை போனவர்கள், தொழில் நொடித்தவர்கள், நாலு சுவருக்குள் மூச்சு முட்டியவர்கள் எல்லாம் நாற்பதுக்கு மேல் வந்து ஏறுகிற வண்டி இது. இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிய டிரைவர்களை மட்டும் எண்ணினாலே ஆசிரியர், சமையல்காரர், தையல்காரர், ராணுவத்திலிருந்து வந்தவர், கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் என்று வரிசை நீளும்.

லாரியிலிருந்து இறங்கிப் போனவர்களின் கதையை மட்டும் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எல்விஸ் பிரெஸ்லி பாட வருவதற்கு முன் மெம்பிஸில் ஒரு எலெக்ட்ரிக்கல் கம்பெனிக்கு வண்டி ஓட்டினார், ஜேம்ஸ் கேமரூன் சினிமாவுக்கு வருமுன் லாரி ஓட்டினார் என்று. ஏறி வந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால் நீங்கள் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய வேலை வீணாகுமா? ஆகாது. டிராக்டரில் டிரெய்லர் மாட்டி ஓட்டிய விவசாயிக்கு, பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் வலப்பக்கம் போக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் வாரக்கணக்கில் முட்டி மோதிக் கற்பார்கள். ராணுவத்தில் இருந்தவருக்குப் படு என்றால் தூங்கத் தெரியும், அது இந்தத் தொழிலில் பெரிய வரம்.

என் அண்ணன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றித்தான் வாசிக்க வேண்டும். ஆஃப்செட் அச்சு வந்து அந்த வேலை போனதும் லாரிக்குப் போனார். கண்ணாடியைப் பார்த்தே முழு வண்டியையும் பின்னால் எடுத்துச் சரக்கு ஏற்றும் மேடையோடு ஒட்டி நிறுத்துவார். "பதினஞ்சு வருஷம் கண்ணாடிக்குள்ளதான் படிச்சேன்" என்பார்.

உங்களுக்கும் அப்படித்தான். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து டயர், வீல் நட்டு, விளக்கு, காற்றுக் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது, ஒவ்வொரு மணி நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றுவது, சரக்கு ரசீதில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது, இதெல்லாம் பலருக்கு எரிச்சல், உங்களுக்குப் பழக்கம். மற்ற டிரைவர்கள் மதிப்பார்களா என்றால், முதல் மாதம் நீங்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். சொந்தக்காரர்களைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

சரி, இப்போது உங்கள் மனைவி கேட்டதற்கு வருவோம்.

"எந்தெந்த நாள் வீட்டில் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்." இந்த 'மட்டும்' யாருடையது தம்பி? அவருடையதா, நீங்கள் எழுதும்போது சேர்த்துக்கொண்டதா? அவர் 'மட்டும்' போட்டுக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. அவர் செவிலியர். இரவு டியூட்டி எப்போது, விடுப்பு எப்போது என்று அட்டவணை போட்டு வாழ்கிறவர். அவர் இரவு டியூட்டிக்குப் போகிற நாளில் நீங்கள் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தால், ஒன்பது வயதுக் குழந்தை யாரோடு படுத்துத் தூங்கும்? அதைத்தான் கேட்டிருக்கிறார். உங்கள் மரியாதையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள். சொந்தக்காரர்கள் மாதிரி அவர் சிரிக்கவும் இல்லை. வேலைக்குப் போகிற ஒருவர் வேலைக்குப் போகப்போகிற இன்னொருவரிடம் கேட்கிற நியாயமான கேள்வியைக் கேட்டார். நீங்கள் 'போகப் போகத் தெரியும்' என்றீர்கள்.

நீங்கள் 17 வருடம் கணக்குப் பார்த்தவர். தேதி இல்லாத வவுச்சர் ஒன்று உங்கள் மேஜைக்கு வந்து, 'தேதி போகப் போகத் தெரியும்' என்று யாராவது சொல்லியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பீர்களா? முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பியிருப்பீர்கள். முதலாளியின் பணத்துக்கு இருந்த கறார் பெண்டாட்டியின் ராத்திரிக்கு இல்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

அப்புறம் அந்த இன்னொரு வாக்கியம். 'அவள் சமாளித்துக்கொள்வாள்.' முப்பது வருடமாகக் கடிதங்கள் படிக்கிறேன். இந்த வாக்கியத்தை எழுதாத கணவன் குறைவு. எழுதுகிறவர் அதைப் பாராட்டாக நினைத்துத்தான் எழுதுகிறார். எதைச் சமாளிப்பாள், எத்தனை நாள், யார் துணையோடு என்று கேட்டால் பதில் வராது. என் அண்ணியும் சமாளித்தார். அண்ணன் ஒருமுறை பல வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். குளிக்கப் போனவர் ஈரத் தலையோடு கதவைப் பாதி திறந்து, "துண்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கையால் ஆணி அடித்து மாட்டிய அலமாரியில் இருந்தது துண்டு. அண்ணி கோபப்படவில்லை. எடுத்துக் கொடுத்தார். பையன் மட்டும் திரும்பி அப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தில் குனிந்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு எதிரி இல்லை. சரக்கு ஓடாவிட்டால் ஊர் ஓடாது. ஆனால் குடும்பம் என்று ஒன்றை உண்டாக்கிய பிறகு, அதில் எந்த நாள் இருப்பேன் என்று சொல்ல ஒருவன் கடமைப்பட்டவன் என்று நான் நம்புகிறேன். சம்பளம் கொண்டுவருவது அந்தக் கடமையில் பாதிதான். இது பழைய காலத்துப் பேச்சாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்த விதியைப் பாருங்கள். டிரைவர் குறைந்தது நாலு வாரத்துக்கு ஒருமுறையாவது வீடு திரும்ப முடிகிற மாதிரி கம்பெனிதான் வேலையை அமைத்துத்தர வேண்டும் என்கிறது. வாரத்தின் முழு ஓய்வான 45 மணி நேரத்தை லாரி கேபினுக்குள் கழிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வீட்டுக்கு அனுப்பு என்று சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், சட்டம் இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஓட்டும் நேரத்துக்கு வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம், நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி ஓட்டலாம். இந்தியாவில் 1961-ஆம் வருடச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. இந்த எண்களைப் பார்த்து, எட்டு மணி நேர வேலைதானே என்று அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஓய்வு நேரமும் சாலையோரத்தில்தான் கழியும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரம் தனி. கிலோமீட்டருக்கோ டிரிப்புக்கோ கூலி தருகிற இடங்களில் அந்தக் காத்திருப்புக்குப் பெரும்பாலும் காசு கிடையாது.

இன்னொன்று. வீட்டுக்கு வந்த முதல் நாளை வீட்டு நாளாக எழுதாதீர்கள். அது தூக்கத்தின் நாள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். ஆகவே தூங்கத்தான் வேண்டும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாள் வந்துபோகிறவர் உண்மையில் ஒரு நாள்தான் வந்துபோகிறார். இரவு டியூட்டி பார்க்கிற உங்கள் மனைவிக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனிக்குச் சம்மதம் சொல்லும் முன், அவர்களிடம் போய் உட்காருங்கள். மாதத்தில் எத்தனை இரவு வெளியே, திரும்பி வரும் நாளை யார் முடிவு செய்வது, திரும்ப லோடு கிடைக்காவிட்டால் எத்தனை நாள் அங்கேயே நிற்க வேண்டும், காத்திருப்புக்குக் கூலி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித்தர முடியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான். புதிதாக வருகிறவரை நீண்ட தூரத்துக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் பழைய ஆட்கள் பகல் வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள். காலையில் போய் இரவு வீடு திரும்புகிற டெலிவரி வண்டி, டேங்கர், கட்டுமானச் சரக்கு என்று வேறு ஓட்டங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் சம்பளம் குறைவாக இருக்கும், ஆசைப்பட்ட நெடுஞ்சாலையும் இருக்காது. கையில் வரும் தொகையை வீட்டை விட்டு வெளியே இருக்கும் மொத்த மணி நேரத்தால் வகுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கு போட உங்களைவிடத் தகுதியானவர் யார்? இதற்காவது அந்த 17 வருடம் உதவட்டும்.

ஆசை என்று எழுதியிருந்தீர்கள். ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் எட்டு மாதம் ஒரே சம்பளத்தில் வீட்டை ஓட்டியவர் அவர். ஏதாவது வேலைக்கு நீங்கள் போனால் போதும் என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்கள் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டீர்கள்.

செவிலியர்களுக்கு டியூட்டி அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். உங்கள் மனைவியின் அடுத்த மாத அட்டவணை வீட்டில் எங்கே இருக்கிறது? சுவரிலா, கைப்பையிலா, போனிலா? தெரியாது என்றால் இன்றைக்கு அவர் டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு நாளைக்குப் போன் பண்ணினால் போதும்.