பால்கனியில் பத்திரம்

கேள்வி: ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி டுசல்டோர்ஃபில் ஒரு நண்பர். மாதம் ஒரு தடவை ஆளுக்கு ஆறு பாட்டில் பீர் மாற்றிக்கொள்வோம். நான் எங்கள் ஊர் கோல்ஷ், அவர் தன் ஊர் ஆல்ட். கோடையில் அவர் கொடுத்ததைப் பால்கனியில் பத்திரமாக வைத்திருந்து மூன்று வாரம் கழித்துத் திறந்தால், ஈர அட்டைப்பெட்டி வாடை. "இதுதானா உங்க ஊர் பீர்?" என்று கேட்டுவிட்டேன். பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. எது உயர்ந்தது என்று ஆசிரியர் தீர்ப்பு சொல்ல வேண்டும். (கொலோன் வாசகர்)

பதில்: பத்திரமாக! பால்கனிக்கும் பத்திரத்துக்கும் என்ன ஐயா உறவு? பால்கனியில் பத்திரமாக இருக்கக்கூடியவை துளசித் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும்தான், அதுவும் காற்றடிக்காத நாளில். பீரைக் கெடுக்க வெளிச்சம், சூடு, காற்று என்று மூன்று பேர் அலைகிறார்கள். மூவரையும் ஒரே இடத்தில் கூட்டி, நடுவில் ஆறு பாட்டிலை வைத்துவிட்டு என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள். குற்றவாளி ஆல்ட் இல்லை, உங்கள் பால்கனி.

ஈர அட்டை வாடை ஆக்ஸிஜனின் வேலை. எவ்வளவு கவனமாக அடைத்தாலும் பாட்டிலுக்குள் கொஞ்சம் ஆக்ஸிஜன் தங்கும், மூடி வழியாகவும் கசியும். அது பீரை முதுமையாக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது சூடு. பீர் ஆலைக்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு கெடுதல். துல்லியமான விதி அல்ல, கைக்கணக்கு. கோடை வெயில் விழும் பால்கனியில் மூன்று வாரம் என்றால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் செய்வது வேறு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளும் பீரில் இயல்பாக இருக்கும் பி2 வைட்டமினும் வெளிச்சம் பட்டால் சேர்ந்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். எரிந்த ரப்பரும் அழுகிய பூண்டும் கலந்த நாற்றம். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சை மிகக் கொஞ்சம், நிறமில்லாத கண்ணாடி தடுப்பதே இல்லை. வெயிலில் வைத்த கண்ணாடி கிளாஸில் சில நிமிஷமே போதும். பச்சைப் பாட்டில் பீரில்தான் "ஃபாரின் வாசனை" இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கும் அன்பர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: அது வாசனை இல்லை, வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போனது. இதற்கும் கடிதம் வரும். வரட்டும்.

வைத்துக் குடித்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் அதற்கேற்ற பீரை மாற்றிக்கொள்ளுங்கள். இலங்கையின் லயன் ஸ்டௌட் என்ற கறுப்பு பீர் 8.8 சதவீத ஆல்கஹால், கறுப்பாக வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்), கனமான உடம்பு, மாதக்கணக்கில் தாங்கும். நுவரெலியாவில் பிறந்து இப்போது பியகமவில் காய்ச்சப்படும் அதை மேல்நாட்டில் பேசவைத்தவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர். தாடி வைத்த இங்கிலீஷ்காரர், பீர் பற்றி எழுதியவர், காலுக்குப் பதில் நாக்கை ஆட்டிப் பெயர் வாங்கியவர். உங்கள் கோல்ஷும் ஆல்ட்டும் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பிள்ளைகள். காய்ச்சிய ஊரிலேயே, சுடச்சுட இல்லை, சில்லென்று குடிக்க வேண்டியவை.

இந்த இரண்டு ஊருக்கும் என்னதான் தகராறு? 1288-ல் வோரிங்கன் சண்டையில் ஆரம்பித்தது என்பார்கள். அந்தச் சண்டையில் கொலோன் மக்கள் நின்றதே டுசல்டோர்ஃப்காரர்களின் பெர்க் நாட்டுப் பிரபு பக்கம், எதிரி கொலோன் பேராயர்! ஜெயித்த சூட்டில் பிரபு டுசல்டோர்ஃபுக்கு நகர உரிமை கொடுத்தார். சேர்ந்து ஜெயித்துவிட்டு எழுநூறு வருஷமாக முறைத்துக்கொள்கிறார்கள். பங்காளிச் சண்டைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. பீரும் பங்காளிதான். இரண்டும் ஏல் வகை பீரின் ஈஸ்டில் நுரைத்து, பிறகு லாகர் வகை பீர் போலக் குளிரில் கிடந்து தெளிபவை. ஒன்று வெளிர், மென்மை. மற்றது செம்பு நிறம், கசப்பு. கோல்ஷ்காரர்கள் 1986-ல் 24 ஆலை கூடி ஒப்பந்தம் போட்டு, வெளிறியதாய், வடிகட்டித் தெளிந்ததாய் இருக்க வேண்டும், வேறு ஊரான் அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று எழுதியே வைத்துக்கொண்டார்கள். டுசல்டோர்ஃப்காரர்கள் ஒப்பந்தம் போடாமல் வருஷத்துக்கு இரண்டு நாள், ஜனவரியிலும் அக்டோபரிலும் மூன்றாவது செவ்வாய், யூரிகே ஆலையில் ஸ்டிக்கே என்ற கெட்டி ஆல்ட்டை ஊற்றிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

கொலோன் பீர்க்கடைச் சிப்பந்திக்குக் கோபஸ் என்று பெயர். அவரிடம் மரியாதை எதிர்பார்ப்பது சென்னையில் ஆட்டோ மீட்டரை எதிர்பார்ப்பவர்களுக்கே உரிய நம்பிக்கை. 200 மில்லி ஒல்லிக் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைத்து, கிளாஸுக்கு அடியில் போடும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. இலையை மடிப்பதுபோல அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் மூடவேண்டும். மூடத் தெரியாதவர் கோடுகளை எண்ணியபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் கேட்டால்? கேட்டுப் பாருங்கள், பக்கத்து மேஜைக்கும் பொழுது போகும்.

சரி, ஒப்பிடும் விஷயம். நிறத்திலேயே தெரிந்துவிடும் இரண்டை வைத்து எது உயர்வு என்று கேட்பதில் சாரம் இல்லை. உங்கள் கோல்ஷைப் பக்கத்துத் தெருக் கோல்ஷிலிருந்து உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா, அதைப் பாருங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு. வேறொருவர் ஊற்ற வேண்டும், கிளாஸ் அடியில் எண் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 மில்லி போதும். ஒற்றை எது என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒன்று சரியாக வரும், ஆகவே ஒரு தடவை ஜெயித்துவிட்டு மார்தட்டாதீர்கள். ஆறு தடவையில் ஐந்து சரி என்றால்தான் நாக்கு பேசுகிறது என்று அர்த்தம். இரண்டு சரி என்றால் இதுவரை ருசித்தது லேபிளை. இதைச் செய்யாமல் அஞ்சு நட்சத்திரம், மூணரை நட்சத்திரம் என்று மார்க் போடும் கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன்.

கெடுவது பெரும்பாலும் கிளாஸில். பாத்திரம் துலக்கும் திரவமோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சமிருந்தால் நுரை உட்கார்ந்துவிடும். ஊற்றியபின் குமிழிகள் உள்சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டினால் கிளாஸ் அழுக்கு என்று அர்த்தம். குளிர்ந்த நீரில் அலசி ஈரத்தோடே ஊற்றுங்கள், துணியால் துடைக்காதீர்கள். இரண்டு பீரும் ஒரே ஃப்ரிட்ஜில் ஓர் இரவு நிற்கட்டும், படுக்கப் போடவேண்டாம். எடுத்துப் பத்து நிமிஷம் கழித்து, 8 டிகிரி வாக்கில் திறக்கவும். இரண்டையும் ஒரே நாள் குடிப்பதானால் கோல்ஷ் முதலில், ஆல்ட்டின் கசப்பு நாக்கில் ஏறிவிட்டால் பின்னால் வரும் கோல்ஷ் வெறும் சோடா. இடையில் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. மிக்சர் கட்சியினர் மன்னிக்கவும். மிளகாய் எரிச்சலோடு கேஸும் கசப்பும் சேர்ந்தால் நாக்குக்கு எரிவது மட்டும்தான் தெரியும். மிக்சரைத் தனியாக ஒப்பிடுங்கள், அதற்கு நானே நடுவராக வருகிறேன்.

பாட்டிலை எடுத்துச் செல்லத் தபால் வேண்டாம். நேரடி ரயிலில் அரை மணி. கடையில் ஜன்னலோர அலமாரியைத் தொடாமல் அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். காலாவதித் தேதி தூரத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

காலிப் பாட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடுவதாக இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபின் 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டம் வந்தது. யானைக் காலில் உடைந்த கண்ணாடி ஏறியபின்தான் நமக்குத் தோன்றியது. ஜெர்மனியில் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம், கம்பி வைத்த பீங்கான் மூடிப் பாட்டிலுக்கு 15. உங்கள் நண்பர் யூரிகே கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது ரகம். காலியானதை அவரவர் ஊரில் போட்டுக் காசாக்கினால், ஆறு பாட்டிலுக்கு 42 சென்ட் நீங்கள் அவருக்கு பாக்கி. அதைக் கொடுக்கிற சாக்கில் போய்ப் பேச்சை ஆரம்பியுங்கள்.